ஜெல்லுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் குமிழி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து பேராசிரியர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் குமிழிதான். எதிரே வரும்போது மட்டும் "அம்மா".

பெயருக்குக் காரணம் அவளுடைய கோபம். அவள் வேலை ஜெல் காய்ச்சுவது. தண்ணீரில் பொடிகளைக் கரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்து, செங்கல் அளவு அச்சில் ஊற்றி உறைய விடவேண்டும். உறைந்ததும் கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே கடுகில் பாதியளவு ஒரு குமிழி இருந்தாலும் போச்சு, அன்றைய சோதனை பாழ். ஒலி அந்தக் குமிழியில் மோதிச் சிதறிவிடும். அதனால் யாருடைய அச்சில் குமிழியைப் பார்த்தாலும் அந்த நிமிடமே தொட்டியில் கவிழ்த்துவிடுவாள். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய நிபுணர் தானே ஆசைப்பட்டுக் காய்ச்சிய ஜெல்லையும் கவிழ்த்தாள். "இது ஜெல் இல்ல சார், சோடா" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும்" என்று யாராவது சொன்னால், "வர்றதில்ல, அங்கயே குடியிருக்கு" என்று அவள் அக்கா திருத்துவாள்.

அங்கே நடந்த ஆராய்ச்சி இதுதான். காதுக்குக் கேட்காத ஒலியைக் கிண்ணம் போன்ற ஒரு கருவியிலிருந்து அனுப்பி, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் உடம்புக்குள் ஒரே புள்ளியில் குவித்தால் அந்த இடம் சுடும். அங்கே புற்றுக்கட்டி இருந்தால் வெந்துவிடும். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். ஆனால் போகிற வழியில் இருக்கும் தோலும் விலா எலும்பும் சும்மா இருக்குமா, அவையும் சுடும். அதற்குத்தான் நுண்துகள்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் துகள்களைக் கட்டிக்குள் சேர்த்துவிட்டால், அவை ஒலியை வாங்கிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கூடுதலாகச் சுடவைக்கும். குறைந்த சக்தியில் கட்டி வேகும், தோல் தப்பும். யோசனை நல்ல யோசனை. குமிழியின் ஜெல்தான் உடம்புக்குப் பதிலாக நிற்கும். அறுபது டிகிரி தாண்டிய இடத்தில் வெள்ளைக்கரு வெந்து, கண்ணாடி ஜெல்லுக்கு நடுவே அரிசிமணிபோல ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் புள்ளியைப் பார்க்கிறாள். இன்னமும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பாள்.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது அக்கா புருஷன். அவள் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதே வருடம் அக்காவுக்குக் கல்யாணம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிற மனிதர். மச்சினிச்சியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கூட்டிவந்து, படிவங்களில் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு, கடைசியில் இந்தக் கூடத்தில் நேர்காணலுக்கும் வண்டியில் உட்கார வைத்து அழைத்துவந்தார். அவள் உள்ளே இருந்த ஒன்றரை மணி நேரமும் வெளியே நின்றவர் சும்மா நிற்கவில்லை. அந்தக் கட்டட லிஃப்ட்டில் ஏறி இறங்கி, "மூணாவது மாடியில ஒரு குலுக்கல் இருக்கு, ஆளை வரச் சொல்லுங்க" என்று காவலாளியிடம் சொல்லிவைத்தார்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "என் கோபத்துக்கு ஒரு ஆள் பத்தாது" என்பாள். அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் இருந்தாள்.

செய்தித்தாளில் அந்தச் செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை. "கத்தியின்றி, ரத்தமின்றி: புற்றுநோயைச் சுட்டெரிக்கும் நுண்துகள்" என்று கொட்டை எழுத்துத் தலைப்பு. கீழே வெள்ளைப் புள்ளியோடு ஒரு ஜெல் துண்டின் படம். அதைப் பிடித்திருந்த கை குமிழியுடையது. உள்ளே படித்தால், "விரைவில் நோயாளிகளுக்கு" என்று இருந்தது. "ஜெல்லில்" என்ற சொல் எங்கும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் அதை ஒரு மனிதச் சதைத் துண்டு என்றுதான் நினைப்பார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முணுமுணுத்தாள். அப்புறம் ஜெல் காய்ச்சப் போய்விட்டாள். அந்த இரண்டு நாள் முணுமுணுப்போடு விட்டுவிட்டதற்காகப் பின்னால் அவள் தன்னையே மன்னிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அக்கா கூடத்து வாசலுக்கே வந்து நின்றாள். அவள் அங்கே வந்ததே கிடையாது. கையில் பையில்லை, காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"உங்க அத்தானுக்குக் கல்லீரல்ல கட்டின்னு சொன்னேன்ல."

"ஆமா. ஓரத்துல சின்னதா இருக்கு, வெட்டி எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னாருன்னியே. அந்தத் தேதிக்கு நான் லீவ் போடறேன்னு சொன்னதுக்கு, தள்ளி வச்சிருக்காங்கன்னு சொன்னே."

"அவங்க தள்ளி வைக்கல. இவரு போகல. எங்கிட்டயும் தள்ளிப் போயிருக்குன்னுதான் சொன்னாரு. இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துது. ஏன் வரல, உயிர் மேல ஆசையில்லையான்னு நர்ஸ் கேக்கறாங்க."

"எதுக்குப் போகலியாம்?"

அக்கா அவளை நேராகப் பார்த்தாள். "எதுக்கா. உங்க லேப் இருக்கும்போது கத்தி எதுக்குங்கறாரு."

குமிழி கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப்போட்டிருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார், ஏதோ ரகசியம் வெளிப்பட்டுவிட்ட குழந்தை மாதிரி. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார்.

"உன் கைதானே இது? மோதிரத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்."

"அத்தான், அது ஜெல்."

"எல்லாம் ஜெல்லுலதான் ஆரம்பிக்கும். விரைவில்னு போட்டிருக்கான் பாரு. நான் முதல் ஆளா இருந்துட்டுப் போறேன். உன் பேராசிரியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், சின்னவளே. வெளியாளா கேக்கறேன்? நம்ம வீட்டு ஆளு தானே உள்ள இருக்கு."

"ஏழு வாரமா இதுக்கா காத்திருந்தீங்க?"

"நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருக்கியோன்னு நினைச்சேன்."

ஒரு பக்கம் அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. இன்னொரு பக்கம் தன் கையையே வெட்டிப்போடலாம் என்றிருந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு லேபுக்கு வாங்க" என்றாள் குமிழி கடைசியில். "வந்து கண்ணால பாருங்க." அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் அவளைவிட எட்டு வயது இளையவர், கெட்ட மனிதர் இல்லை. அதுவே அவளுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

"விரைவில்னு யார் சார் சொன்னது?"

"அம்மா, நான் எதிர்காலத்துலன்னு சொன்னேன். அவங்க விரைவில்னு எழுதிட்டாங்க."

"எழுதினதைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

மேசையில் அந்தச் செய்தித்தாள் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவதற்காகத் தயாராகக் கிடந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கறேன் சார். ஆனா சறுக்கின அடி எங்க வீட்டு ஆளு மேல விழுந்திருக்கு. அவரு ஆபரேஷனுக்குப் போகாம ஏழு வாரமா உங்க பேப்பரை மடிச்சுச் சட்டையில வச்சிருக்காரு. நாளைக்கு வராரு. நான் எல்லாத்தையும் அவருக்குக் காட்டப்போறேன். வேகறதையும் காட்டுவேன், வேகாததையும் காட்டுவேன். நீங்களும் கூட நிக்கணும்."

"நிக்கறேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை கசாப்புக்கடையில் அப்போதுதான் எடுத்த ஆட்டுக் கல்லீரலை வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல எல்லோரையும் கும்பிட்டார். தண்ணீர்த் தொட்டியை, கிண்ணக் கருவியை, கேபிள்களைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "சுத்தமான வேலை" என்று இரண்டு முறை சொன்னார்.

முதலில் துகள் கலக்காத ஜெல்லை வைத்தாள். ஒலியைத் திறந்து அரை நிமிடம் விட்டாள். நாற்பத்தேழு டிகிரி. ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, பழுப்பு நிறத் துகள் நீரை லேசாகக் கலந்த ஜெல். அதே சக்தி, அதே அரை நிமிடம். திரையில் எண் அறுபத்திரண்டைத் தொட்டது. ஜெல்லுக்கு நடுவே வெள்ளைப் புள்ளி பூத்தது.

"பாத்தியா" என்றார் அத்தான், ஜெயித்த குரலில். "கண்ணு முன்னாடி வேகுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இருங்க. இன்னும் முடியல."

கல்லீரலைத் தொட்டியில் இறக்கினாள். அதன் பெரிய ரத்தக்குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, பம்பை ஓடவிட்டு, உடம்புச் சூட்டில் தண்ணீரைப் பாய்ச்சினாள். "உயிரோட இருக்கிற கல்லீரல்ல ரத்தம் இப்படித்தான் ஓடும். ஜெல்லுக்குள்ள ரத்தம் ஓடல, அத்தான்." ஓர் இடத்தில் ஊசியால் துகள்நீரை ஏற்றி ஒலியைத் திறந்தாள். எண் ஏறியது. நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து நாலு. அங்கேயே நின்றுவிட்டது. சூடு வர வர, ஓடும் நீர் அதை வாரிக்கொண்டு போனது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. நாற்பத்து நாலு.

"சக்தியைக் கூட்டு."

கூட்டினாள். உள்ளே ஐம்பதைத் தொடுமுன் மேல்புறம் வெளிறி, சுருங்கி, தீய்ந்தது. கருகல் வாசம் தொட்டிக்கு மேலே வந்தது. அத்தான் ஓர் அடி பின்னால் போனார்.

"இன்னொண்ணும் பாருங்க. துகளை நான் ஊசியால ஒரே இடத்துல வச்சேன். நரம்புல ஏத்தினா என்ன ஆகும்?" பழுப்பு நீரை ரப்பர் குழாய்க்குள் செலுத்தினாள். கல்லீரல் முழுவதும் திட்டுத்திட்டாகப் பழுப்பு பரவியது. மீதி மறுபக்கம் வழிந்து தொட்டி நீரைக் கலக்கியது. "கட்டிக்கு மட்டும் போன்னு சொன்னா அதுக்குக் காது கேக்காது. நல்ல சதை, கெட்ட சதை, எல்லாத்துலயும் போய் உக்காரும். இதை எப்படிச் சரிபண்றதுன்னுதான் நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம். சார்கிட்ட கேளுங்க."

பேராசிரியர் சுவரோரம் நின்றிருந்தார். "உண்மைதான்" என்றார். "இன்னும் பல வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம். நான் அதை அந்தப் பேப்பர்காரங்ககிட்ட அழுத்திச் சொல்லியிருக்கணும்."

அத்தான் தீய்ந்த கல்லீரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பரவாயில்ல. எனக்கு வச்சுப் பாருங்க. ஆகலைன்னா அப்புறம் கத்தி."

அங்கேதான் குமிழிக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீங்க புது லிஃப்ட் மாட்டினா என்ன பண்ணுவீங்க? உடனே ஆளை ஏத்துவீங்களா? மணல் மூட்டையை அடுக்கி ஏத்தி இறக்கி, பிரேக் பிடிக்குதா, கயிறு தாங்குதான்னு பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடுவீங்க? ஒரு மந்திரி வந்து இப்பவே ஏத்துன்னப்பகூட, படியில போங்கய்யான்னு அனுப்பிச்ச ஆளுதானே நீங்க? இது மணல் மூட்டை ஏத்தற கட்டம், அத்தான். இன்னும் பிரேக்கே மாட்டல. இதுல நீங்க ஏறி நிக்கறேங்கறீங்க. அது தைரியம் இல்ல. பயம். கத்தின்னா பயம். முப்பது வருஷம் குழிக்குள்ள தொங்கின மனுஷன் ஒரு கத்திக்குப் பயந்துக்கிட்டு, அக்காகிட்ட பொய் சொல்லிட்டு, பேப்பரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அத்தானின் முகம் கறுத்தது. அவளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தபடி கேட்டார்:

"அப்ப நீ இருபத்திரண்டு வருஷமா மணல் மூட்டைதான் ஏத்திக்கிட்டு இருக்கியா?"

ஆமாம் என்பதுதான் பதில். இத்தனை வருடமாக யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அவள் ஒளித்துவைத்திருந்த கேள்வி அது. வேறு யார் கேட்டிருந்தாலும் ஒரு சொல்லில் வெட்டியிருப்பாள். இந்த மனிதர்தான் அவளை வண்டியில் உட்காரவைத்து இங்கே கொண்டுவந்து விட்டவர்.

"ஆமா" என்றாள். "யாராவது ஏத்தித்தான் ஆகணும்."

அவர் செய்தித்தாள் துண்டை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த வாரமே மருத்துவமனையில் சேர்ந்தார்.

அறுவை மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். "அப்பவே வந்திருந்தா ஓரத்தை மட்டும் நறுக்கி எடுத்திருப்பேன். இப்ப பக்கத்துல ரெண்டாவதா ஒண்ணு வந்திருக்கு. கிட்டத்தட்டப் பாதியை எடுக்கணும்." ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்பது மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் பேராசிரியரும் நடைபாதையில் வந்து நின்றார். அக்கா உட்காரச் சொல்லப் போனாள். "நிக்கட்டும்" என்றாள் குமிழி.

அத்தான் பிழைத்துக்கொண்டார். ஆனால் குழிக்குள் இறங்கும் வேலை முடிந்தது. வயிற்றின் குறுக்கே ஒரு தையலோடு, எடை தூக்கக்கூடாது, கயிற்றில் தொங்கக்கூடாது என்ற கட்டளையோடு வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் அவரை மேசையில் உட்காரவைத்து, லிஃப்ட் நின்றுபோனதென்று வருகிற போன்களை எடுக்கச் சொன்னார்கள். குமிழியிடம் அவர் பேசவில்லை. பேராசிரியர் முன்னால் அவள் தன்னைப் பயந்தவர் என்று சொன்னதை அவரால் செரிக்க முடியவில்லை. பொய் என்றால் செரித்திருக்கும். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணி வேணும்னா அங்க இருக்குன்னு அவகிட்ட சொல்லு" என்று மனைவியிடம் சொல்வார். "எனக்குக் கண்ணு தெரியும்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள் இவள். இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா தபால்காரியாக இருந்தாள்.

கூடத்தில் குமிழி ஒன்பது நாள் ஜெல் காய்ச்சவில்லை. அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேப்பர்ல திருத்தம் வரட்டும், காய்ச்சறேன்." மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து ஒழுங்கு நடவடிக்கை என்று ஆரம்பித்தார். "எடுங்க" என்றாள். பத்தாவது நாள் பேராசிரியர் தானே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் வெளிவந்தது. பதினோராம் பக்கத்தில், வானிலைக்கும் தண்ணீர்த்தொட்டி விளம்பரத்துக்கும் நடுவே, நாலு வரி. பொய்க்கு முதல் பக்கம், மெய்க்கு மூலை. அதை வாசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

அந்த நாலு வரியை யாரும் வாசிக்கவில்லை என்பது தொலைபேசியில் தெரிந்தது. செய்தி வந்த நாளிலிருந்தே அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அலுவலகத்தில் "மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துக்கொண்டிருந்தார்கள். குமிழி அந்தத் தொலைபேசியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கத் துணிவில்லை. அவள் ஆறுதல் சொல்லவில்லை. "டாக்டர் என்ன சொன்னாரு? தேதி குடுத்தாரா? அப்ப அந்தத் தேதிக்குப் போங்க. இங்க ஒண்ணும் இல்ல. இங்க ஜெல் இருக்கு, ஆட்டுக் கல்லீரல் இருக்கு. மனுஷனுக்கு மருந்து அங்கதான் இருக்கு." சிலர் அழுதார்கள். சிலர் நீ யார் இதைச் சொல்ல என்றார்கள். "அந்தப் படத்துல இருக்கிற கை என்னுது" என்பாள். டாக்டரே கைவிட்டுவிட்டார் என்று சொன்னவர்களிடம் மட்டும் என்ன பேசுவது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் வைக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

எட்டு மாதம் போயிற்று. துகளைக் கட்டியில் மட்டும் தங்கவைக்க, அதன்மேல் ஒரு புதிய பூச்சைப் போட்டுப் பார்த்தார்கள். பத்தில் மூன்று முறை தங்கியது. பத்தில் மூன்று என்று அவள் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினாள், யார் படம் எடுக்க வந்தாலும் அதுவும் சேர்ந்து விழும் இடத்தில்.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிவாக்கில் தொலைபேசி அடித்தது.

"சின்னவளே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன், செக்கப்புக்கு. வரிசையில பக்கத்துல ஒரு ஆளு. கையில அந்தப் பேப்பரு. டாக்டரைப் பாத்து ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்திருக்காராம். நான் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினேன். அதைப் பாத்து இன்னும் பயந்துட்டாரு."

"யாராயிருந்தாலும் பயப்படுவாங்க அத்தான்."

"ஆங். அதான்." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "போனை அவர்கிட்ட குடுக்கறேன். என்கிட்ட பேசின மாதிரியே பேசு."

"எப்படி?"

"திட்டு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. யாரோ தயங்கித் தொண்டையைச் செருமினார்கள். குமிழி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "தேதி எப்பங்க?" என்று ஆரம்பித்தாள்.